தலைமேல் வைத்த கை

வலது கையைத் தூக்கி உச்சந்தலையில் வைத்துக்கொண்டால் வலி பாதியாகக் குறையும் என்பதைத் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தேன். குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது கை மேலே போனது. அந்த இரண்டு நிமிடம் தோளுக்குள் திருகிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று நின்றது. கையை இறக்கியதும் மறுபடி தொடங்கியது. அன்று முதல் வீட்டிலும் பேருந்திலும் உதியன்குளங்கரை சந்திப்பிலும் தலையில் கை வைத்தபடியே நடமாடினேன். எங்கள் பக்கத்தில் அப்படி நிற்பது நல்லதில்லை. பார்த்தவர்களெல்லாம் யார் இறந்தது என்று கேட்டார்கள். "எழவு வீடு மாதிரி நிக்காதீங்க, கைய எடுங்க" என்று மனைவி அதட்டுவாள். எடுப்பேன். ஒரு நிமிடம் தாங்கும். பிறகு தோள்பட்டையின் உள்விளிம்பிலிருந்து முழங்கை வரை ஒரு நாய் கவ்வி இழுக்கும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரே நேரத்தில் கொதித்தும் மரத்தும் கிடக்கும். கை தானாகத் தலைக்கு ஏறிவிடும்.

நான் சமூகப் பணியில் முதுகலைப் பட்டம் பெற்றவன். எங்கள் ஊராட்சியின் வலி நிவாரணக் குழுவில் பதினான்கு ஆண்டுகளாக இருக்கிறேன். செவிலியருடன் வீடு வீடாகப் போய், படுக்கையில் கிடப்பவர்களைப் புரட்டிப் படுக்க வைப்பதும், புண் கழுவுவதற்குத் தூக்கிப் பிடிப்பதும், அவர்கள் சொல்வதை நோட்டில் எழுதுவதும் என் வேலை. "ஒண்ணுலேருந்து பத்து வரைக்கும் வச்சா, இன்னைக்கு வேதனை எத்தனை?" என்று எண்ணற்ற பேரிடம் கேட்டிருக்கிறேன். ஒரு நோயாளி பதில் சொல்லாமல் கட்டிலருகே இருந்த எவர்சில்வர் தம்ளரை எடுத்து என் நெற்றியைப் பார்த்து எறிந்தார். அதை நோயின் எரிச்சல் என்று எழுதிவைத்தேன். இப்போது என் தோள் எரிந்தபோதுதான் அந்தத் தம்ளர் புரிந்தது. வலிக்கு எண் வேண்டியிருக்கவில்லை. எறிய ஒரு நெற்றி வேண்டியிருந்தது.

ஒரு காலை, சமையலறையில் மிக்சி ஓடும் சத்தம் கழுத்துக்குள் ஏறியபோது, உள்ளே போய் ஜாரைப் பிடுங்கிச் சுவரில் அடித்தேன். அரைபட்ட தேங்காய் சுவரெல்லாம் தெறித்தது. மனைவி விலகி நின்று என்னைப் பார்த்தாள். பயந்த பார்வையாக அது இல்லை. ஒரு புது ஆளை அடையாளம் பார்ப்பதுபோல் இருந்தது. "அடுத்தது நானா?" என்று மட்டும் கேட்டாள். குனிந்து பொறுக்கக்கூட எனக்குக் கழுத்து வளையவில்லை. அவளே பொறுக்கினாள்.

இந்த வலி தொடங்குவதற்குப் பதினொரு நாள் முன்னால் ஒரு தகராறு நடந்திருந்தது. எங்கள் இடைவழியின் கடைசி வீட்டில் ஒரு பெண்மணி இடுப்புக்குக் கீழே அசைவின்றிக் கிடக்கிறார். ஆம்புலன்ஸ் அந்த வழியில் நுழையாது. மருத்துவமனைக்குப் போகும்போதெல்லாம் நான்கு பேர் அவரை நாற்காலியில் வைத்து ரோட்டு வரை சுமப்போம். வழியை அகலப்படுத்த வேண்டுமானால் ஒரே ஒரு கையாலையை, அந்த மண்சுவரை, சற்று உள்ளே தள்ளிக் கட்ட வேண்டும். அந்தக் கையாலை, ரப்பர் மரத்தில் பால் வெட்டும் ஒருவருடையது. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவருடைய ஆறு செண்ட் நிலத்துக்கு அதுதான் எல்லை.

"ஒரு முழம் எடம் போதும் அண்ணே. ஆம்புலன்ஸ் உள்ள வந்து போணும்."

"முழமோ? ஒனக்க அப்பன் அளந்து தந்த முழமாலே? படிச்சவன்னா அடுத்தவனுக்க கையாலைய இடிக்கலாம்னு எந்த காலேஜுல சொல்லித் தந்தாவ?"

எவ்வளவு விட்டால் போதும் என்று காட்டுவதற்காகக் கையாலையின் மேல் ஏறி நின்றேன். அது என் தவறு. அவர் பின்னாலிருந்து என் பிடரியில் கை வைத்து, "எறங்குலே!" என்று தள்ளினார். உள்ளங்கை கழுத்தின் வலப்பக்கம் பட்டது. நான் கீழே குதித்து ஓரடி முன்னால் போய் நின்றேன். விழவில்லை. வலிக்கவும் இல்லை. கூடியிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அதுதான் வலித்தது.

என் தம்பி அப்போது வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்திருந்தான். அங்கே வெல்டிங் வேலை. திரும்பிப் போக மூன்று வாரம்கூட இல்லை. பள்ளிக்கூட நாட்களிலிருந்தே என்னை யார் அடித்தாலும் அவனே போய்க் கணக்குத் தீர்ப்பான். என் சண்டைகளை நான் போட்டதே இல்லை. அவன்தான் என்னை பைக்கில் ஏற்றி ஒரு வர்ம வைத்தியரிடம் கூட்டிப்போனான். எங்கள் ஊர்களில் கழுத்தோ தோளோ பிடித்துக்கொண்டால் முதல் கேள்வி எந்த டாக்டர் என்பதல்ல, யாருடைய கை என்பதுதான். சில இடங்களில் பட்ட அடி அன்றைக்குத் தெரியாது, உள்ளே உறங்கிக் கிடந்து நாள் கழித்து எழும்பும் என்று இங்கே படித்தவர்களும் நம்புகிறார்கள். பட்ட கையைத் தெரிந்துகொண்டால்தான் மறுபக்கத்தில் தட்டி அதை இறக்க முடியும் என்பது முறை.

எண்ணெய் நெடி நிறைந்த அறையில் என்னை முக்காலியில் உட்கார வைத்தார் வைத்தியர். காரை எலும்புக்கு மேலுள்ள குழியில் பெருவிரலை இறக்கினார்.

"ஆராவது தொட்டதுண்டா?"

"இல்ல."

"நல்லா ஓர்த்துச் சொல்லணும். நாப்பது நாளைக்குள்ள. ஒரு தட்டு, ஒரு தள்ளு. சிரிச்சிட்டுத் தொட்டாலும் தொட்டதுதான். தெரியாமப் பட்டதாக்கும் பொல்லாதது."

"அப்படி ஒண்ணும்..."

பெருவிரல் இன்னும் இறங்கியது. கண்ணுக்குள் வெள்ளையாக எதுவோ வெடித்தது. நரம்பு எங்கே ஓடுகிறது, எங்கே நெரிபடும் என்று எங்கள் குழுவின் பயிற்சி வகுப்பில் படம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, "உண்டு" என்றேன். யார் என்றும் சொன்னேன். எந்தக் கை என்று கேட்டார். வலது கை என்றேன். தம்பி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான் என்பதும் எனக்குத் தெரியும். வலியின் வாயில் வந்த சொல் என்று பிறகு எத்தனையோ தடவை எனக்கே வாதாடிப் பார்த்திருக்கிறேன். வாதம் நிற்கவில்லை. அந்த நொடியில், என் உடம்பில் நடந்துகொண்டிருந்தது வேறொரு உடம்பிலும் நடக்க வேண்டும் என்று நான் விரும்பினேன்.

வைத்தியர் இடப்பக்கம் வந்து நின்று, கையின் அடிப்பாகத்தால் கழுத்தின் ஓரத்தில் ஒரு தட்டுத் தட்டினார். முக்காலி சரிந்து சுவரோடு போய் விழுந்தேன். திரும்பும்போது ஹெல்மெட்டின் வாரைப் பூட்ட என் விரல்களால் முடியவில்லை. தம்பி பூட்டிவிட்டான். "மொதல்லேயே எனக்கிட்ட சொல்லியிருக்கலாம்லா" என்றான்.

மறுநாள் காலை எட்டு மணி இருக்கும். பால் எடுக்கும் நேரம். கையாலைக்கு அப்பால் தகர வாளி இடிபடும் சத்தம் கேட்டு நான் இறங்கிப் போனேன், தலையில் கை வைத்தபடியே. தம்பியின் கையில் ஒரு ரப்பர் விறகு இருந்தது. வெட்டுக்காரர் மரத்தில் கட்டி வைத்திருந்த சிரட்டையிலிருந்து வாளிக்குப் பாலை வழித்துக்கொண்டிருந்தார். அவர் திரும்புமுன் முதல் அடி விழுந்தது. வலது தோளில். பச்சைக் கொம்பு முறிவதுபோல் ஒரு சத்தம். வாளி கவிழ்ந்து பால் அவர் முகத்திலும் மார்பிலும் ஊற்றியது. இரண்டாவது அடி முழங்கையில். மூன்றாவது மறுபடி தோளில். அவர் மண்டியிட்டு, கண்ணைத் திறக்க முடியாமல், "எதுக்குலே? எதுக்குலே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தம்பி பதில் சொன்னான்: "எனக்க அண்ணனத் தொட்ட கையாக்கும் இது!"

நான் "விடுலே!" என்று கத்தினேன். ஆனால் அது மூன்றாவது அடிக்குப் பிறகு. முதல் அடிக்கும் என் குரலுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியில் என் தோளில் வலி இல்லை. கை தலையில் இருந்ததாலா, அந்தச் சத்தம் கேட்டதாலா என்று எனக்குத் தெரியாது. அதை இங்கே எழுதாமல் விட்டால் மற்றதை எழுதுவதில் பொருள் இல்லை.

பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்து தம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். வெட்டுக்காரரை ஆட்டோவில் ஏற்றுவதற்குள் ரப்பர் பால் அவர் தலைமுடியிலும் புருவத்திலும் உறைந்து தோலோடு ஒட்டிவிட்டது. ரத்தம் கலந்த இடங்களில் ரோஜா நிறமாக இருந்தது. காரை எலும்பு இரண்டாக உடைந்திருந்தது. வலது கையின் பெருவிரலில் உணர்வு இல்லை என்று மாலையில் செய்தி வந்தது. பெருவிரல் இல்லாமல் பால் வெட்டும் கத்தியைப் பிடிக்க முடியாது.

அந்த வாரமே நான் ஸ்கேன் எடுத்தேன். திரையில் என் கழுத்து சாம்பல் நிறத்தில் ஒளிர்ந்தது. ஐந்தாம் எலும்புக்கும் ஆறாம் எலும்புக்கும் நடுவிலிருந்த வட்டு பிதுங்கி, வலப்பக்கம் இறங்கும் நரம்பைச் சுவரோடு சேர்த்து நெரித்துக்கொண்டிருந்தது. ஓரத்தில் ஒரு முள்போல எலும்பு வளர்ந்திருந்தது.

"எந்தா ஜோலி?" என்று கேட்டார் மருத்துவர். சொன்னேன். "அதுதான். ரோகிகளத் தூக்கித் தூக்கி, குனிஞ்சு குனிஞ்சு. இந்த முள்ளு வளர வருசங்கள் வேணும்."

"பிடரியில கை வச்சு ஒருத்தர் தள்ளினாரு..."

"தள்ளினா ஒரு வாரத்துல எலும்பு முளைக்குமோ?" அவர் சிரித்தார். பிறகு என் தலைமேல் இருந்த கையைச் சுட்டி, கை அங்கே இருக்கும்போது நரம்பின் இழுவிசை தளர்வதால்தான் வலி குறைகிறது என்று விளக்கினார். "இனி அந்தக் கழுத்த ஆரும் தொடண்டா, கேட்டோ?" என்று எச்சரித்து அனுப்பினார்.

வெட்டுக்காரரைச் சேர்த்த மருத்துவமனையிலிருந்து காவல் நிலையத்துக்குத் தகவல் போயிருந்தது. அவர் திங்கட்கிழமை நேரில் வந்து வாக்குமூலம் தருவதாகச் சொல்லியிருந்தார். வழக்குப் பதிவானால் தம்பியின் பயணம் நின்றுவிடும். பயணம் நின்றால் விசா போய்விடும். அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள், பாதியில் நிற்கும் ஒரு வீடு. சனிக்கிழமை அவன் என் அறைக்கு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"அந்த ஆளு கேஸ் வேண்டாம்னு சொல்லியாச்சு. வார்டு மெம்பர் போய்ப் பேசினாரு. 'நானும் அவன தொட்டிருக்கேன், தொட்டதுக்குக் கிட்டியாச்சு'ன்னு அந்த ஆளே சொல்லுது."

"அவரு தொட்டதால வந்தது இல்லலே இது. ஸ்கேன்ல இருக்கு."

"அந்த ஸ்கேன் ரிப்போர்ட்டு கடலாச மட்டும் வெளிய எடுக்காத அண்ணே. நீ ஒண்ணும் பொய் சொல்லாண்டாம். சும்மா இருந்தாப் போதும். ஒனக்கு வேண்டியாக்கும் நான் கை வச்சேன்."

அவன் சொன்னதில் தவறு இல்லை. எனக்கு வேண்டித்தான்.

எதையும் இரண்டு பக்கமும் எடைபோட்டுப் பார்க்காமல் நான் செய்வதில்லை. அன்றும் போட்டேன். பேசாமல் இருந்தால், தம்பி விமானம் ஏறுவான். இரண்டு வீடுகளும் இடைவழியில் பார்த்துச் சிரிக்கும். மெம்பர் பேச்சோடு பேச்சாகக் கையாலையைக்கூடத் தள்ளிக் கட்டச் சொல்லலாம். படுத்துக் கிடக்கும் அந்தப் பெண்மணிக்கு வழி கிடைக்கும். பேசினால் இதெல்லாம் போகும். மறு தட்டில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். பெருவிரல் செத்த கையோடு, தான் செய்யாத குற்றத்துக்குத் தண்டனை சரிதான் என்று நம்பிக் கிடந்தார். பேசாமல் இருப்பதன் பக்கம் எடை அதிகமாகத்தான் தெரிந்தது. மனைவி என் சட்டைப் பித்தானைப் போட்டுவிட்டுக்கொண்டே சொன்னாள்: "வீடு வீடாப் போய் அடுத்தவனுக்க வேதனைய எழுதுவீங்களே, அந்த நோட்டுல இத எங்க எழுதப் போறீங்க?"

ஞாயிறு மதியம் ஸ்கேன் உறையை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். முன்னறைக் கட்டிலில் வலது கையை மார்போடு கட்டி உட்கார்ந்திருந்தார். ஒரு புருவம் பாதி இல்லை. பாலோடு சேர்த்து உரித்திருக்கிறார்கள். அவர் மனைவி கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார்.

"என்னலே, சரணடைய வந்தியா? மத்த கையயும் தூக்கு" என்றார் என் தலைமேல் இருந்த கையைப் பார்த்து.

"இறக்கினா வலிக்கும் அண்ணே."

"வலிக்கும். வலிக்காம இருக்குமா?" அவர் குரலில் இரக்கம் இருந்தது. அதனுடன் வேறொன்றும் இருந்தது. "எங்க அப்பனுக்கு அடிமுறை தெரியும். எனக்கும் ரெண்டு சுவடு சொல்லித் தந்தது உண்டு. அந்நேரத்த கோவத்துல கை அறியாமப் போச்சு. எடம் பாத்து விழுந்துட்டு. நான் அன்னைக்கே இவகிட்ட சொன்னேன், பய படுத்துக்கிடுவான்னு. சொன்னேனா இல்லியாட்டி?"

"சொன்னீரு, சொன்னீரு. வாயத் தொறயும்" என்று கரண்டியை நீட்டினார் மனைவி.

நான் உறையைப் பிரித்து, படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பிதுங்கிய வட்டையும் முள்ளையும் காட்டினேன். எத்தனை வருடம் ஆகியிருக்கும் என்று மருத்துவர் சொன்னதைச் சொன்னேன். யார் கையும் பட்டு வந்ததல்ல, நோயாளிகளைத் தூக்கியதில் வந்தது என்றேன். வைத்தியரிடம் உங்கள் பெயரைச் சொன்னது நான்தான் என்றும் சொன்னேன்.

அவர் படத்தைப் பார்த்தார். முகம் சிவந்தது.

"அப்போ எனக்க அடியில ஒண்ணுமே இல்லியா?"

"அது அடியே இல்ல அண்ணே. தள்ளினீங்க. அவ்வளவுதான்."

"போலே! மெஷினுக்கு என்ன தெரியும்? எனக்க கை விழுந்த எடம் எனக்கல்லியா தெரியும்!" அவர் இடது கையால் படத்தைத் தட்டிவிட்டார். தட்டிய வேகத்தில் உடைந்த எலும்பு அசைந்திருக்க வேண்டும். வாயைத் திறந்தபடி, சத்தம் வராமல், கட்டிலில் சாய்ந்துவிட்டார். கஞ்சி அவர் மேலெல்லாம் கொட்டியது. மனைவி துடைக்கவில்லை. கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றார்.

"பின்னே என்னத்துக்கு இந்த மனுசன அடிச்சான்?"

கீழே விழுந்த படத்தை எடுத்து உறையில் போட்டேன். அவர் என் கையிலிருந்து உறையை வாங்கிக்கொண்டார். "இது இஞ்ச இருக்கட்டும்" என்றார்.

திங்கட்கிழமை அவர் கணவரோடு காவல் நிலையத்துக்குப் போனது அந்த உறையோடுதான். நானும் போனேன். எத்தனை அடி, எதனால் அடித்தான், நான் எப்போது கத்தினேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். "கைய இறக்கிட்டுப் பேசும்வே, இதென்ன நாடகமா?" என்று எழுதிக்கொண்டிருந்தவர் சீறினார். இறக்கினேன். கையெழுத்து போடும்போது பேனா இரண்டு முறை விழுந்தது.

வீட்டு முற்றத்தில் தம்பி நின்றிருந்தான். அதற்குள் யாரோ போனில் சொல்லியிருந்தார்கள்.

"சும்மா இருக்கச் சொன்னேன். சும்மா இருக்க ஒனக்கு ஏலாதா?"

"ஏலல்ல."

"எனக்க பிள்ளைய முகத்துல நீ இனி முழிப்பியா?"

நான் கடந்து படியேறப் போனேன். அவன் பின்னாலிருந்து முஷ்டியை மடக்கிக் குத்தினான். பிடரியின் வலப்பக்கம், சரியாக அந்த இடத்தில். முகம் படியில் மோதிக் கீழே விழுந்தேன். வலது கை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. தோளிலிருந்து விரல் நுனிவரை எரியும் ஒரு கம்பியாக நானே கிடந்தேன். அவன் இரண்டாவது முறை அடிக்கவில்லை. என்னைத் தூக்கவும் இல்லை. என் பக்கத்தில் அப்படியே குந்தியிருந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

அவன் போக வேண்டிய நாள் கடந்துவிட்டது. பக்கத்திலுள்ள அவன் வீட்டிலிருந்து என் வீட்டுக்கு இப்போது யாரும் வருவதில்லை. வெட்டுக்காரரின் பெருவிரலில் கொஞ்சம் உணர்வு வந்திருப்பதாகக் கேள்வி. கத்தியைப் பிடிக்குமா என்று இன்னும் தெரியாது. கையாலை இருந்த இடத்திலேயே இருக்கிறது. அந்தப் பெண்மணியை இன்றும் நாற்காலியில் வைத்துத்தான் ரோட்டு வரை சுமக்கிறார்கள். சுமக்கும் நால்வரில் நான் இல்லை.

வாரத்தில் மூன்று நாள் கழுத்தை இழுக்கும் சிகிச்சைக்குப் போகிறேன். தாடையிலும் பின்தலையிலும் வாரைக் கட்டி, எடை போட்டு மேலே இழுக்கிறார்கள். முதல் நாள் வார் கட்டிய இளம்பெண் என் பிடரியைப் பார்த்ததும் நிறுத்தினாள். கன்றி நீலம் பாரித்திருந்தது.

"இவிடே சதவு உண்டல்லோ. ஆரெங்கிலும் அடிச்சோ?"

தெரிந்தால்தான் எவ்வளவு இழுக்கலாம் என்று அவள் முடிவு செய்ய முடியும். மறைத்தால் என் நரம்புக்குத்தான் கேடு. அதையும் யோசித்தேன். வாசலில் தம்பி நிற்கவில்லை, யாருமே நிற்கவில்லை என்று தெரிந்தும், ஒருமுறை திரும்பிப் பார்க்க முயன்றேன். கழுத்து திரும்பவில்லை.

"இல்ல" என்றேன்.

அவள் வாரை இறுக்கினாள்.